திமிங்கிலத்துக்கும் ஈட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் படகு: கடல் மறிப்புப் போராட்டத்தைப் புரிந்துகொள்ள

2024 ஜூலை 21ஆம் திகதி, டென்மார்க்கின் கீழ் உள்ள கிரீன்லாந்தின் நூக் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்ப ஒரு கப்பல் வந்து நின்றது. டென்மார்க் பொலிஸார் அதில் ஏறி, கப்பலில் இருந்த போல் வொட்சன் என்பவருக்கு விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். அவரைப் பிடித்துத் தரும்படி கேட்டது ஜப்பான். 149 நாட்கள் அவர் அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்தார். டிசம்பர் 17ஆம் திகதி, ஜப்பானிடம் ஒப்படைக்க மாட்டோம் என்று டென்மார்க் அறிவித்ததும் வெளியே வந்தார். அவரும் அவருடைய ஆட்களும் போய்க்கொண்டிருந்தது வட பசிபிக் கடலுக்கு. ஜப்பானின் புதிய திமிங்கில வேட்டைக் கப்பலை நடுக்கடலில் மறிப்பதுதான் திட்டம்.

செய்தியைப் படித்தவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. திமிங்கில வேட்டைக்கு உலகத் தடை இருக்கிறதே, அப்படியானால் வேட்டைக்காரரை விட்டுவிட்டு மறிக்கப் போனவரை ஏன் பிடித்தார்கள்? பிடித்தவரை ஏன் ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு விட்டார்கள்? இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வேட்டை சட்டப்படியானதா என்பது ஒன்று. அதை மறித்த விதம் சட்டப்படியானதா என்பது இன்னொன்று. ஒன்றுக்குக் கிடைக்கும் பதில் மற்றதற்குப் பதிலாகாது. இதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

நுவரெலியாவில் உட்கார்ந்துகொண்டு திமிங்கிலத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். தலவாக்கலையைக் கடந்து ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. ஹோட்டன் சமவெளிப் பக்கத்துத் தண்ணீர் வளவை கங்கையாக அம்பலாந்தோட்டையில் தென்கடலைத் தொடுகிறது. திருகோணமலைக் கடலும் தென்கடலும் இலங்கையில் நீலத் திமிங்கிலங்கள் நடமாடும் இடங்கள். நம் மலையில் பெய்த மழை போய்ச் சேரும் கடலில்தான் அவை மூச்சுவிட மேலே வருகின்றன.

வேட்டை எப்படி நடக்கிறது

பழைய காலத்தில் கையால் எறியும் ஈட்டியும் துடுப்புப் படகும் வைத்து வேட்டையாடினார்கள். வேகமாக நீந்தும் பெரிய திமிங்கிலங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்வேக்காரர் ஸ்வென்ட் ஃபொய்ன், வெடிக்கும் ஈட்டியைச் சுடும் பீரங்கியை நீராவிக் கப்பலின் முன்பக்கத்தில் பொருத்தினார். அதன் பிறகு எந்தத் திமிங்கிலத்தாலும் தப்ப முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் உலகக் கடல்களில் கொல்லப்பட்டவை ஏறத்தாழ 29 இலட்சம். நீலத் திமிங்கிலம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். இவ்வளவு அழிவை அந்த வேகத்தில் ஈடுகட்ட முடியாது.

ஆழ்கடல் வேட்டை இரண்டு வகைக் கப்பல்களால் நடக்கிறது. சிறியது துரத்திச் சுடும். பெரியது ஆலைக் கப்பல். அதன் பின்பக்கத்தில் கடல்மட்டம் வரை இறங்கும் ஒரு சரிவுப் பாதை இருக்கும். செத்த திமிங்கிலத்தை அந்தச் சரிவு வழியாக மேலே இழுத்து, அறுத்து, உறைய வைப்பார்கள். திமிங்கிலத்தின் கொழுப்புத் தோல் மிகவும் தடிப்பானது. உடல் சூடு வெளியேறாது, இறைச்சி உள்ளிருந்தே கெடத் தொடங்கும். ஆகவே கொன்ற சில மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போயாக வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். காலையில் பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுத்து, லொறி ஏறி, அன்றைக்கே ஸ்டோருக்குப் போய் வாட்டுத் தட்டில் விழ வேண்டும். லொறி மறிபட்டால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். பிறகு பறித்தும் பயனில்லை. ஆலைக் கப்பலின் சரிவுப் பாதையும் அப்படித்தான். அதை அடைத்துவிட்டால் வேட்டைப் படகுகள் சுடுவதற்கே காரணம் இருக்காது. ஒவ்வொரு திமிங்கிலத்தின் முன்னாலும் போய் நிற்பதைவிட ஒரேயொரு கப்பலின் பின்னால் நின்றால் போதும் என்பதைப் போராட்டக்காரர்கள் பல வருட அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள். இந்தப் போராட்டத்தின் முழு உத்தியும் இதில் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம்.

தடை இருக்கிறது, ஓட்டைகளும் இருக்கின்றன

1946இல் கையெழுத்தான ஒரு சமவாயத்தின் கீழ் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு உருவானது. முதலில் அது வேட்டை நாடுகளின் சங்கம் போலத்தான் நடந்தது. யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று பங்கு பிரித்தது. 1982இல்தான் வர்த்தக வேட்டையை நிறுத்தி வைக்கும் முடிவை எடுத்தது. 1986இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. உலகத் தடை என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆனால் அது ஒப்பந்தம். உள்ளே இருப்பவரை மட்டுமே கட்டும். 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபா நாட்சம்பளத்தைத் தீர்மானித்தபோது தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது நமக்கு நினைவிருக்கும். கையெழுத்துப் போட்டவர் கையை எடுத்துக்கொண்டால் ஒப்பந்தத்தின் பலம் என்ன ஆகும் என்று மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திமிங்கிலத் தடையிலிருந்து வெளியேற நாடுகள் எடுத்த வழிகள் மூன்று:

1. ஆட்சேபம். ஒரு முடிவை ஏற்கவில்லை என்று உரிய காலத்தில் அறிவித்தால் அது அந்த நாட்டைக் கட்டாது. நோர்வே இப்படி ஆட்சேபம் தெரிவித்து, 1993இலிருந்து வர்த்தக வேட்டையைத் தொடர்கிறது. அண்மைய ஆண்டுகளில் வருடத்துக்கு 400 முதல் 600 வரையான மிங்கி என்ற சிறிய வகைத் திமிங்கிலங்களைக் கொன்றிருக்கிறது. ஐஸ்லாந்து 1992இல் ஆணைக்குழுவை விட்டுப் போய், 2002இல் தடையை ஏற்காத நிபந்தனையோடு திரும்பி வந்தது. 2006இல் வர்த்தக வேட்டையைத் தொடங்கியது.

2. ஆராய்ச்சி. சமவாயத்தின் எட்டாவது உறுப்புரை, விஞ்ஞான ஆராய்ச்சிக்காகக் கொல்ல ஒரு நாடு தன் ஆட்களுக்கு அனுமதி கொடுக்கலாம் என்கிறது. ஜப்பான் இந்த வழியால் அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள தென்மாக்கடலில் வருடா வருடம் நூற்றுக்கணக்கில் கொன்றது. இறைச்சி சந்தைக்குப் போனது. அவுஸ்திரேலியா வழக்குப் போட்டது. 2014 மார்ச் 31ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம் 12க்கு 4 என்ற பெரும்பான்மையில், அந்தத் திட்டத்தின் அனுமதிகள் விஞ்ஞான ஆராய்ச்சி என்ற விதிவிலக்குக்குள் வராது என்று தீர்ப்பளித்து, அவற்றை இரத்துச் செய்யச் சொன்னது. அடுத்த வருடமே ஜப்பான் வேறொரு பெயரில் 333 மிங்கித் திமிங்கிலங்களுக்கான புதிய திட்டத்தோடு திரும்பியது.

3. விலகல். 2018 டிசம்பரில் ஜப்பான் விலகலை அறிவித்தது. 2019 ஜூலை 1ஆம் திகதி முதல் தன் சொந்தப் பிரத்தியேக பொருளாதார வலயத்துக்குள், அதாவது கரையிலிருந்து 200 கடல் மைலுக்குள், வெளிப்படையாகவே வர்த்தக வேட்டையைத் தொடங்கியது.

இந்த மூன்றாவது வழி போராட்டத்தின் நிலையையே மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

நேரடி நடவடிக்கை என்றால் என்ன

மனு எழுதுவது, வழக்குப் போடுவது, வாக்களிப்பது எல்லாம் இன்னொருவர் மூலமாகக் கேட்பது. நடக்கிற காரியத்தை அது நடக்கும் இடத்திலேயே போய், தன் உடம்பால் நிறுத்தப் பார்ப்பதுதான் நேரடி நடவடிக்கை. மலையகத்துக்கு இது புதிதில்லை. 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதற்கு எதிரான போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் உயிரைக் கொடுத்தார். அன்றும் சட்டம் எதிர்ப்பக்கத்தில்தான் நின்றது. எந்தப் போராட்டத்தையும் அதன் சட்ட நிலையை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சட்ட நிலையைத் தெரியாமல் பேசவும் கூடாது.

கடலில் நடந்தவற்றை மூன்று படிகளாகப் பிரிக்கலாம்.

1. சாட்சியாக நிற்பது. 1975 ஜூனில் கலிபோர்னியாவுக்கு அப்பால் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பினர் சோவியத் வேட்டைக் கப்பல்களை நெருங்கினார்கள். சிறிய ரப்பர் படகில் திமிங்கிலத்துக்கும் பீரங்கிக்கும் இடையே நின்றார்கள். ஈட்டி அவர்கள் தலைக்கு மேலே பறந்து போய்த் திமிங்கிலத்தில் பாய்ந்தது. அதைப் படமெடுத்திருந்தார்கள். அந்தத் திமிங்கிலம் செத்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தை உலகம் பார்த்தது.

2. குறுக்கே நின்று வேலையை நிறுத்துவது. வொட்சன் 1977இல் கிரீன்பீஸை விட்டுப் பிரிந்து தொடங்கிய இயக்கமே சீ ஷெப்பர்ட் ஆனது. அது 2002 முதல் தென்மாக்கடலுக்குக் கப்பல்களை அனுப்பியது. ஆலைக் கப்பலின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு சரிவுப் பாதையை அடைத்தார்கள். அழுகிய வெண்ணெய் நாற்றமடிக்கும் அமிலப் போத்தல்களைத் தளத்தில் எறிந்தார்கள். கப்பலை உந்தும் விசிறியில் சிக்கும்படி கயிறுகளை இழுத்துவிட்டார்கள்.

3. சேதப்படுத்துவது. 1979இல் போர்த்துக்கல் கரைக்கு அப்பால் சியெரா என்ற திருட்டு வேட்டைக் கப்பலில் வொட்சனின் கப்பல் மோதியது. 1986 நவம்பரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் துறைமுகத்தில் நின்ற இரண்டு வேட்டைக் கப்பல்களின் அடிவால்வுகளை இரண்டு பேர் திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள்.

முதல் படிக்கும் மூன்றாவது படிக்கும் ஒரே பெயரைச் சூட்டுவதால்தான் பாதி விவாதங்கள் வீணாகின்றன. இரண்டாவது படிக்குள்ளேயே ஒரு கோடு இருக்கிறது. சரிவுப் பாதைக்குப் பின்னால் நிற்பவர் ஆபத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறார். பனிமலைகள் மிதக்கும் கடலில், உதவிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில், ஒரு கப்பலின் விசிறியை முடக்குபவர் அந்தக் கப்பலில் இருக்கும் கூலிவேலைக்காரர்களின் உயிரை ஆபத்தில் வைக்கிறார். பின்னால் நிற்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். விசிறியை முடக்குவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆலைக் கப்பலில் இறைச்சி அறுப்பவரும் யாரோ ஒருவருடைய சம்பளத்தை நம்பிப் போனவர்தான்.

கடலில் யாருடைய சட்டம்

நிலத்தில் ஒரு நாட்டின் எல்லைக்குள் அதன் சட்டம். கடலில் அடுக்கடுக்காக மாறும்.

1. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீற்றர் வரை, கரை நாட்டின் முழு இறைமை செல்லும்.

2. 200 கடல் மைல் வரை பிரத்தியேக பொருளாதார வலயம். மீன், எண்ணெய் போன்ற வளங்களில் கரை நாட்டுக்குத்தான் உரிமை. ஆனால் யாருடைய கப்பலும் கடந்து போகலாம்.

3. அதற்கு அப்பால் திறந்த கடல். அங்கே ஒவ்வொரு கப்பலும் தான் ஏற்றியிருக்கும் கொடியின் நாட்டுக்குக் கட்டுப்பட்டது. கொடியை ஒரு நாடு பறித்துவிட்டால் அந்தக் கப்பல் அநாதை. எந்த நாட்டுப் போர்க்கப்பலும் ஏறிச் சோதிக்கலாம். அதனால்தான் போராட்டக் கப்பல்களுக்குக் கொடி கொடுத்த சிறிய நாடுகள் மீது அழுத்தம் போய்ச் சேர்ந்தது. சில கொடிகள் பறிபோகவும் செய்தன.

4. யார் யாரை மோதினாலும், கடலில் மோதல் தவிர்ப்பு விதிகள் எல்லாருக்கும் பொது. 'அவன் செய்வது அநியாயம், அதனால் நான் இடித்தேன்' என்ற வாதம் அந்த விதிகளில் இல்லை.

அப்புறம் கடற்கொள்ளை என்ற சொல். ஐ.நா. கடற்சட்ட சமவாயத்தின்படி, திறந்த கடலில் ஒரு தனியார் கப்பலில் இருப்பவர்கள் 'தனிப்பட்ட நோக்கங்களுக்காக' இன்னொரு கப்பலுக்கு எதிராகச் செய்யும் சட்டவிரோத வன்முறையே கடற்கொள்ளை. சண்டை முழுக்க 'தனிப்பட்ட நோக்கம்' என்ற இரண்டு சொல்லில்தான். பணத்துக்காகச் செய்வது மட்டுமா, அரசின் அனுமதியில்லாமல் செய்யும் எதுவுமா? 1986இல் பெல்ஜியத்தின் உயர் நீதிமன்றமும், 2013இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டன. அமெரிக்க நீதிமன்றம் சீ ஷெப்பர்ட்டின் செயல்களைக் கடற்கொள்ளை என்றே எழுதியது. பேராசை ஒரு துளியும் இல்லாதவரைக் கொள்ளைக்காரர் என்று அழைப்பது மொழிக்கே பொருந்தாது என்பது என் எண்ணம். ஆனால் ஒரு நீதிமன்றத்தில் அந்த எண்ணம் போதுமான தற்காப்பாகாது.

நூக்கில் என்ன நடந்தது

2010 ஜனவரி 6ஆம் திகதி தென்மாக்கடலில் ஆடி கில் என்ற போராட்டப் படகும் ஷோனன் மாரு 2 என்ற ஜப்பானியப் பாதுகாப்புக் கப்பலும் மோதின. படகின் முன்பக்கம் அறுந்து போனது. ஆறு பேரும் காப்பாற்றப்பட்டார்கள், படகு பின்னர் மூழ்கியது. அடுத்த மாதம் அந்தப் படகின் கப்டன் பீட்டர் பெதூன், நியூசிலாந்துக்காரர், இரவோடு இரவாக அதே ஜப்பானியக் கப்பலில் ஏறினார். படகை நொறுக்கியதற்குப் பணம் கேட்கப் போனார். அவரைத் தடுத்துவைத்து டோக்கியோவுக்குக் கொண்டுபோய், இரண்டு வருட ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்து நாடு கடத்தினார்கள்.

வொட்சன் மேல் இருந்த குற்றச்சாட்டு இதே சம்பவங்களுக்கு உடந்தை என்பதுதான். 2012இல் இன்டர்போல் சிவப்பு அறிவித்தல் வந்தது. சிவப்பு அறிவித்தல் என்பது பிடியாணை கிடையாது. 'இவரை இந்த நாடு தேடுகிறது' என்று மற்ற நாடுகளுக்குச் சொல்லும் தகவல். பிடிப்பதா, ஒப்படைப்பதா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவெடுக்கும். டென்மார்க்குக்கும் ஜப்பானுக்கும் இடையே ஒப்படைப்பு ஒப்பந்தம் இல்லை. சம்பவம் நடந்து 14 வருடங்கள் கடந்துவிட்டதையும், அவர் ஏற்கெனவே தடுப்பில் கழித்த காலத்தையும், குற்றச்சாட்டின் தன்மையையும் பார்த்து டென்மார்க் நீதி அமைச்சு மறுத்தது. தடுப்பில் இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படும் என்ற உறுதியும் ஜப்பானிடமிருந்து கிடைக்கவில்லை. ஆக, வேட்டை சரியா பிழையா என்பதைப் பற்றி டென்மார்க் எதுவும் சொல்லவில்லை. அவர் செய்தது சரியென்றும் சொல்லவில்லை. இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலையில் இன்டர்போல் அந்த அறிவித்தலையே நீக்கியது.

மறித்ததால் பயன் கிடைத்ததா

தென்மாக்கடலில் ஜப்பான் தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கு வருடத்துக்குச் சுமார் 850 மிங்கித் திமிங்கிலங்கள். 2010-11 பருவத்தில் கொன்றது 170. அந்தப் பருவத்தைப் பெப்ரவரியிலேயே நிறுத்தித் திரும்பிய ஜப்பான் அரசு, போராட்டக்காரர்களின் இடையூறே காரணம் என்று தானே சொன்னது. 2012-13இல் 103. சரிவுப் பாதைக் கணக்கு பலித்தது. உயிரோடு தப்பிய நூற்றுக்கணக்கான திமிங்கிலங்களுக்கு வழக்கோ மனுவோ அந்த வருடங்களில் உதவவில்லை.

ஆனால் வேட்டையை நிறுத்தியது மறிப்பு மட்டும்தான் என்று சொல்ல முடியாது. ஜப்பானில் திமிங்கில இறைச்சி உண்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். செலவை அரசு மானியம் தாங்கியது. நீதிமன்றத் தீர்ப்பு கௌரவத்தைக் குறைத்தது. 2017இல் சீ ஷெப்பர்ட்டே தென்மாக்கடலுக்கு இனிக் கப்பல் அனுப்பப் போவதில்லை என்று அறிவித்தது. செய்மதி வழியாகத் தங்கள் கப்பல்களின் நடமாட்டத்தை ஜப்பான் கண்காணிப்பதாகவும், அதோடு போட்டிபோட முடியாது என்றும் காரணம் சொன்னது.

2019க்குப் பிறகு தரை இன்னும் நழுவியது. அந்தாட்டிக்காவில் மறித்தபோது, 'இது சரணாலயம், தடை இருக்கிறது, நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று வாதாட ஓர் இடம் இருந்தது. ஜப்பானின் சொந்த வலயத்துக்குள் போய் மறித்தால் அந்த வாதம் கிடையாது. ஜப்பான் இப்போது சமவாயத்திலும் இல்லை, ஆணைக்குழுவிலும் இல்லை. பக்கத்திலேயே ஜப்பானின் கரையோரக் காவல் படை நிற்கும்.

அப்படியிருந்தும் 2024இல் போகத் துணிந்ததற்குக் காரணம் கங்கெய் மாரு என்ற புதிய ஆலைக் கப்பல். அந்த மே மாதம் ஷிமொனோசெக்கியிலிருந்து புறப்பட்டது. நீளம் 112 மீற்றருக்கு மேல். கரையோர வேட்டைக்கு இவ்வளவு தூரம் ஓடக்கூடிய பெரிய கப்பல் எதற்கு, மறுபடியும் அந்தாட்டிக்காவுக்குப் போகவா என்பதுதான் போராட்டக்காரர்களின் சந்தேகம். சொந்த வலயத்துக்குள்தான் வேட்டை என்கிறது ஜப்பான். அதே வருடம் நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்தபடி பெரிய விலங்கான ஃபின் திமிங்கிலத்தையும் பட்டியலில் சேர்த்து, 30ஐக் கொன்றது. அந்தச் சந்தேகத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐஸ்லாந்தில் கதை வேறு மாதிரி. 2023 ஜூனில் விலங்குநலக் காரணத்துக்காக அமைச்சர் வேட்டையைத் தற்காலிகமாக நிறுத்தினார். ஈட்டி பாய்ந்த பிறகு சில திமிங்கிலங்கள் நெடுநேரம் துடித்தன என்று அரச கண்காணிப்பு அறிக்கையே காட்டியிருந்தது. 2024 டிசம்பரில் மறுபடியும் ஐந்து வருட அனுமதி கொடுத்தார்கள், ஃபின் திமிங்கிலம் வருடத்துக்கு 209 வரை. 2025 கோடையில் அனுமதி பெற்ற வேட்டைக் கம்பனி கப்பலை வெளியே எடுக்கவில்லை. இறைச்சிக்கு விலை இல்லை என்றது.

நம் பக்கத்துக் கடலில்

1979இல் சீஷெல்ஸ் நாட்டின் முன்மொழிவின்படி இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையைச் சுற்றிய கடல் அதற்குள் வருகிறது. இங்கே ஈட்டிப் பீரங்கி இல்லை. தேவேந்திர முனைக்குத் தெற்கே போகும் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றுதான் ஆபத்து. பெரிய கொள்கலன் கப்பல்கள் மோதி நீலத் திமிங்கிலங்கள் சாகின்றன. 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் கம்பனி தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்ட ஆரம்பித்தது. பாதையை எல்லாக் கப்பலுக்கும் சேர்த்து மாற்றினால்தான் முழுப் பலன் கிடைக்கும். அதற்கு ரப்பர் படகு தேவையில்லை, இலங்கை அரசு சர்வதேச கடல்சார் அமைப்பில் கேட்க வேண்டும்.

வட இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலங்கள் மற்றவை போல அந்தாட்டிக்காவுக்குப் போய் வருவதில்லை, வருடம் முழுவதும் இந்த வெப்பக் கடலிலேயே இருப்பவை. அவற்றையும் ஈட்டி ஒருமுறை தொட்டிருக்கிறது. 1960களின் நடுவில் சோவியத் ஆலைக் கப்பல்கள் இந்தக் கடலுக்குள் வந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. 1966 நவம்பரில் அரபிக் கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களையும் கொன்றன. ஆணைக்குழுவுக்குப் போனது பொய்க் கணக்கு. உண்மையான எண்கள் 1990களில், சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, அந்நாட்டு விஞ்ஞானிகள் ஒளித்துவைத்திருந்த பதிவேடுகளிலிருந்து வெளியே வந்தன. 1966இல் அந்தக் கப்பல்களுக்குப் பக்கத்தில் கெமராவோடு ஒரு படகுகூட இருக்கவில்லை.